மூன்று ஏற்புரைகள்

ஒருவரைப் புகழ்ந்து பேசுவது எளிது. புகழப்படும்போது நின்று கேட்பது கடினம். பாராட்டு விழாக்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். பொன்னாடை போர்த்துகிறார்கள்; மாலை அணிவிக்கிறார்கள்; வாழ்த்துரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீள்கின்றன. இறுதியில் விழா நாயகர் ஏற்புரை வழங்க எழுந்து வருகிறார். பிறர் மணிக்கணக்கில் பேசியவற்றைவிட, அவர் பேசும் அந்தச் சில நிமிடங்கள் அவரை நன்றாகக் காட்டிவிடுகின்றன. எவரை நினைவுகூர்ந்தார், எவரை மறந்தார், கிடைத்த புகழைத் தமக்கே உரியதென வைத்துக்கொண்டாரா, பிறரோடு பகிர்ந்துகொண்டாரா என்பவையெல்லாம் அப்போது வெளிப்பட்டுவிடும்.

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்ட வரலாற்றில் இத்தகைய ஏற்புரைகள் மூன்று என் சிந்தையை நெடுநாளாக ஈர்த்து வந்துள்ளன. முதலாவது, 1939-இல் லூ கெரிக் என்பவர் நோயுற்று விடைபெற்றபோது பேசியது. இரண்டாவது, 1960-இல் டெட் வில்லியம்ஸ் என்பவர் தம் கடைசி ஆட்டத்தில் எதுவுமே சொல்லாமல் சென்றது. மூன்றாவது, அதே வில்லியம்ஸ் 1966-இல் ஒரு விழா மேடையில் ஆற்றிய சிற்றுரை. முதலாவதை ஒரு திரைப்படம் உலகறியச் செய்தது. இரண்டாவதை ஒரு கட்டுரை இலக்கியமாக்கியது. மூன்றாவதை அத்துணைப் புகழ்பெற்ற கலைப்படைப்பு எதுவும் சுமந்து வரவில்லை. ஆயினும் மூன்றில் உயர்ந்தது அதுவே என்பதும், முதலிரண்டையும் நமக்குத் தந்த கலைஞர்கள் தருகையில் சிலவற்றை உதிர்த்துவிட்டனர் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள்

கிரிக்கெட்டை அறிந்த நமக்குப் பேஸ்பால் முற்றிலும் அந்நியமன்று. பந்தை எறிபவர் ஒருவர், மட்டை பிடிப்பவர் ஒருவர். வைரக்கல் வடிவில் நான்கு தளங்கள் உண்டு. அவற்றைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். பந்து வேலியைத் தாண்டிப் பார்வையாளர் நடுவே விழுந்தால் அது ‘ஹோம் ரன்’. நம் சிக்சருக்கு இணையானது; ஆனால் அதைவிட அரியது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. கிரிக்கெட்டில் தேர்ந்த மட்டையாளர் நாள் முழுவதும் நின்று ஆடலாம். பேஸ்பாலிலோ பத்து முறை முயன்று மூன்று முறை வென்றாலே ஒருவர் சிறந்த மட்டையாளர். பத்துக்கு ஏழு தோல்வி என்பது அங்கே பெருமைக்குரிய கணக்கு. இவ்விகிதத்தை .300, .350 என்று எழுதுவார்கள். பத்துக்கு நான்கு, அதாவது .400 என்பது ஏறக்குறைய எட்டாக்கனி. இத்தகைய எண்களைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றிக் காப்பது அவ்வாட்டத்தின் மரபு. அந்த எண்கள் பின்னர் நமக்கும் தேவைப்படும்.

கெரிக் பேசியது

லூ கெரிக் 1903-இல் நியூயார்க்கில் ஏழை ஜெர்மானியக் குடியேறிகளுக்குப் பிறந்தவர். தாயார் பிறர் வீட்டுச் சமையலும் துப்புரவும் செய்து மகனைப் படிக்க வைத்தார். 1925 சூன் முதல் நாளிலிருந்து 1939 வரை, நியூயார்க் யாங்கீஸ் அணிக்காகக் கெரிக் ஓர் ஆட்டம்கூட விடாமல் 2,130 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடினார். காயமும் காய்ச்சலும் அவரைத் தடுக்கவில்லை. 1939 தொடக்கத்தில் உடல் தளர்ந்தது. கால்கள் இடறின, அடித்த பந்து தொலைவு செல்லவில்லை. மே 2 அன்று டெட்ராய்ட் நகரில், தம்மை அன்றைய ஆட்டத்திலிருந்து விலக்கிவிடுமாறு அவரே மேலாளரிடம் கேட்டுக்கொண்டார். சூன் 19 அன்று, அவருடைய 36-ஆம் பிறந்த நாளில், தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிறிது சிறிதாக அழிக்கும் தீராத நோய் அது என்று மேயோ மருத்துவமனை கண்டறிந்தது. இன்று அந்நோய் அமெரிக்காவில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

சூலை 4 அன்று யாங்கீ மைதானத்தில், இரு ஆட்டங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் அவருக்குப் பாராட்டு விழா நடந்தது. 61,808 பேர் கூடியிருந்தனர். 1927-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற அணியினர் வந்திருந்தனர். பேப் ரூத்தும் வந்திருந்தார். பரிசுகள் வழங்கப்பட்டன. கெரிக்கால் பேச முடியாது என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அவர் ஒலிவாங்கியின் முன் வந்து, குறிப்பேதும் இல்லாமல் பேசினார்.

அவ்வுரை முழுவதும் படச்சுருளில் எஞ்சவில்லை. செய்திப்படங்களில் சில வாக்கியங்களே உள்ளன. மற்றவற்றை அன்றைய செய்தித்தாள்களே காத்து வைத்தன. அது அமைந்த வரிசை கவனத்துக்குரியது. தமக்கு நேர்ந்த துன்பத்தைப் பற்றி இரண்டு வாரங்களாக நீங்கள் படித்து வருகிறீர்கள் என்று தொடங்கி, அதே மூச்சில், ஆயினும் இவ்வுலகிலேயே மிகவும் கொடுத்துவைத்தவன் நான்தான் என்கிறார். பலரும் இதையே அவ்வுரையின் முடிவு என்று எண்ணுகின்றனர். உண்மையில் இது தொடக்கம். இதற்குப் பின்புதான் அவர் காரணங்களை எண்ணத் தொடங்குகிறார்.

தம்மைச் சூழ்ந்து நிற்கும் ஆட்டக்காரர்களைச் சுட்டுகிறார். அணியின் உரிமையாளர் ரூபர்ட், நிர்வாகி பாரோ, மேலாளர்கள் ஹக்கின்ஸ், மெக்கார்த்தி ஆகியோரைப் பெயர் சொல்லி நினைக்கிறார். தம் அணி தோற்கடிக்கத் துடிக்கும் எதிரணியான நியூயார்க் ஜயன்ட்ஸ் பரிசு அனுப்பியதைச் சொல்கிறார். மைதானத்தைப் பராமரிப்பவர்களும் வெள்ளை மேலங்கி அணிந்த பணியாளர்களும் தம்மை நினைத்துப் பரிசளித்ததைச் சொல்கிறார். சொந்த மகளுடன் பூசல் வரும்போதுகூட மருமகன் பக்கம் நின்று பேசும் மாமியாரைச் சொல்கிறார். மகனின் படிப்புக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த தாய் தந்தையரைச் சொல்கிறார். தாம் கனவிலும் எண்ணாத துணிவைக் காட்டிய மனைவியைச் சொல்கிறார். இறுதியில், துன்பம் வந்திருக்கலாம், ஆனால் வாழ்வதற்கு எனக்கு எவ்வளவோ இருக்கிறது என்று முடிக்கிறார்.

நற்பேறு பெற்றவரை நாம் தமிழில் ‘கொடுத்துவைத்தவர்’ என்கிறோம். முன்பு எங்கோ கொடுத்து வைத்ததன் பயனை இன்று அடைகிறார் என்பது அச்சொல்லின் பொருள். கெரிக்கின் கணக்கு இதற்கு நேர்மாறானது. தாம் கொடுத்ததாக அவர் எதையும் சொல்லவில்லை. 2,130 ஆட்டங்களைப் பற்றியோ, தாம் அடித்த 493 ஹோம் ரன்களைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. பிறர் தமக்குக் கொடுத்தவற்றின் பட்டியலே அவ்வுரை. தொடக்கத்தில் சொன்னது ஒரு கூற்று. பின்வருபவை அதற்கான சான்றுகள். சான்றுகளின் வரிசையில் அணியின் உரிமையாளரும் புல்தரையைச் செப்பனிடுபவரும் ஒரே பந்தியில் அமர்கின்றனர்.

திரைப்படம் மாற்றியது

கெரிக் 1941 சூன் 2 அன்று மறைந்தார். ஓராண்டுக்குப் பின், 1942-இல், ‘தி பிரைட் ஆஃப் தி யாங்கீஸ்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. சாமுவேல் கோல்ட்வின் தயாரிக்க, சாம் வுட் இயக்கினார். கேரி கூப்பர் கெரிக்காகவும் தெரசா ரைட் அவர் மனைவி எலினாராகவும் நடித்தனர். பேப் ரூத் தம் வேடத்தில் தாமே தோன்றினார். பதினோர் ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்ற அப்படம், படத்தொகுப்புக்காக ஒரு விருதை வென்றது.

படத்தின் நிறைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். கூப்பரின் நடிப்பில் ஆரவாரம் இல்லை. கூச்ச சுபாவமுள்ள, வாய்ச்சாலம் அறியாத ஒரு மனிதரை அவர் நம் முன் நிறுத்துகிறார். தாய்க்கும் மனைவிக்கும் இடையே எழும் மனத்தாங்கல்களைப் படம் மறைக்கவில்லை. சாவைக் காட்டிக் கண்ணீர் பெருக்கவும் இல்லை. உரையை முடித்த கெரிக் திரும்பி நடந்து இருண்ட வழியினுள் மறைகிறார். அடுத்த ஆட்டம் தொடங்க நடுவர் கொடுக்கும் குரல் பின்னால் கேட்கிறது. ஒருவர் போகிறார், ஆட்டம் தொடர்கிறது என்பதை இதைவிட அடக்கமாகச் சொல்ல இயலாது.

ஆனால் உரையை என்ன செய்தார்கள்? கொடுத்துவைத்தவன் என்ற வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து எடுத்து முடிவில் வைத்தார்கள். உரிமையாளரும் நிர்வாகியும் நீங்கினர். எதிரணியின் பரிசு நீங்கியது. புல்தரைப் பணியாளர்கள் நீங்கினர். மாமியாரும், அவரோடு அந்த மெல்லிய நகைச்சுவையும் நீங்கின. வாழ்வதற்கு எவ்வளவோ இருக்கிறது என்ற உண்மையான முடிவுரையும் நீங்கிற்று. எஞ்சியது நெஞ்சை உருக்கும் ஓர் ஏற்றம். அதன் உச்சியில் அந்த ஒற்றை வாக்கியம். 2005-இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் தொகுத்த நூறு சிறந்த திரை வசனங்களின் பட்டியலில் அது 38-ஆம் இடம் பெற்றது.

வாக்கியத்தை இடம் மாற்றியதால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். பொருளே மாறிவிட்டது என்பது என் விடை. தொடக்கத்தில் நின்றபோது அது ஒரு வாக்குறுதி போன்றது. சொல்பவர் அதை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவர் ஆகிறார். ஆகவே ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கிறார். கேட்பவரின் கண்கள் அவரை விட்டு அந்த மனிதர்களை நோக்கித் திரும்புகின்றன. முடிவுக்கு நகர்த்தப்பட்டபோதோ, அது ஒரு வெற்றி முழக்கமாகிவிட்டது. அனைவர் கண்களும் அவர்மீதே நிலைக்கின்றன. நன்றியுரை, வீர உரை ஆகிவிட்டது.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. படம் வெளிவந்தபோது அமெரிக்கா போரில் இருந்தது. படத்தின் முன்னுரையே கெரிக்கின் மரணத்தைப் போர்க்களத்தில் மடியும் இளைஞர்களின் மரணத்தோடு ஒப்பிடுகிறது. புன்னகையுடன் சாவை எதிர்கொள்ளும் வீரன் அன்று நாட்டுக்குத் தேவைப்பட்டான்; மாமியாரைப் பற்றிய வேடிக்கைப் பேச்சு தேவைப்படவில்லை. மருத்துவமனையில் கிடக்கும் ஒரு சிறுவனுக்கு வாக்களித்து, கெரிக் ஹோம் ரன்கள் அடிப்பதாகப் படத்தில் வரும் காட்சியும் இத்தகையதே. பேப் ரூத்தைப் பற்றி 1926-இல் பரவிய கதையை அது நினைவூட்டுகிறது. உண்மைக் கெரிக்குக்கு இந்த அலங்காரம் வேண்டியதில்லை. அவர் பேசியது பேசியபடியே போதுமானது.

வில்லியம்ஸ் பேசாதது

கெரிக் ஆட்டத்தை விட்டுச் செல்லவிருந்த அதே 1939-இல், ஏப்ரல் 20 அன்று, இருபது வயது டெட் வில்லியம்ஸ் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காகத் தம் முதல் ஆட்டத்தை ஆடினார். எதிரணியின் வரிசையில் கெரிக் நின்றார். ஒருவரின் அந்தியும் மற்றவரின் விடியலும் ஒரே மைதானத்தில் சந்தித்தன.

இயல்பில் இருவரும் இரு துருவங்கள். கெரிக் அமைதியானவர், வில்லியம்ஸ் சினம் மிக்கவர். எழுதுபவர்களோடு அவருக்கு ஓயாத பகை. ஏளனம் செய்யும் பார்வையாளர்களோடும் பகை. மைதானத்தில் கூட்டத்தை நோக்கி உமிழ்ந்ததற்காக 1956-இல் அணி அவருக்கு 5,000 டாலர் தண்டம் விதித்தது. ஹோம் ரன் அடித்தவர் கூட்டத்தின் கைத்தட்டலுக்குத் தொப்பியைத் தொட்டு வணக்கம் தெரிவிப்பது மரபு. இளமையிலேயே அவர் அதைச் செய்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்.

ஆனால் மட்டையைப் பிடித்துவிட்டால் அவருக்கு நிகர் எவருமில்லை எனலாம். 1941 செப்டம்பர் 28 காலையில் அவருடைய விகிதம் .39955 ஆக இருந்தது, சுழியாக்கினால்.400. அன்று ஆடாமல் அமர்ந்திருந்தால் அந்த அரிய எண் அவருடையது. அமர்ந்துகொள்ளலாம் என்று மேலாளரும் சொன்னார். வில்லியம்ஸ் மறுத்துவிட்டு இரண்டு ஆட்டங்களிலும் ஆடி, எட்டு முயற்சிகளில் ஆறில் வென்று, .406-இல் ஆண்டை முடித்தார். உலகப் போரிலும் கொரியப் போரிலும் விமானியாகப் பணியாற்றியதில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளை இழந்தார். அப்படியிருந்தும் 521 ஹோம் ரன்கள் அடித்தார்.

அவற்றுள் கடைசி, 1960 செப்டம்பர் 28 அன்று, அதே தேதியில் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அடிக்கப்பட்டது. பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் குளிரும் மூட்டமுமான பிற்பகல். வந்திருந்தோர் 10,454 பேர் மட்டுமே. அவர்களுள் ஒருவர் ஜான் அப்டைக் என்னும் 28 வயது எழுத்தாளர். எட்டாவது சுற்றில், 42 வயது வில்லியம்ஸ் தம் இறுதி முயற்சியில் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். தலையைக் குனிந்தபடியே தளங்களைச் சுற்றி ஓடி உள்ளே மறைந்தார். கூட்டம் எழுந்து நின்று அவரை அழைத்தது. வெளியே வந்து ஒரு முறை முகம் காட்டும்படி சக ஆட்டக்காரர்கள் வேண்டினர், நடுவர்களும் வேண்டினர். அவர் வரவில்லை. அடுத்த சுற்றில் மேலாளர் அவரைக் களத்துக்கு அனுப்பி, உடனே வேறொருவரை மாற்றாக அனுப்பினார். திரும்பி வரும்போதாவது தொப்பியைத் தொடுவார் என்று கூட்டம் எதிர்பார்த்தது. அப்போதும் தொடவில்லை.

அப்டைக் எழுதிய ‘ஹப் ஃபேன்ஸ் பிட் கிட் அட்யூ’ என்னும் கட்டுரை அவ்வாண்டு அக்டோபர் 22-ஆம் நாளிட்ட ‘தி நியூ யார்க்கர்’ இதழில் வெளிவந்தது. பாஸ்டன் இரசிகர்கள் தங்கள் செல்லப்பிள்ளைக்கு விடைகொடுத்தனர் என்பது தலைப்பின் பொருள். விளையாட்டைப் பற்றி எழுதப்பட்ட ஆங்கிலக் கட்டுரைகளில் இதற்கு இணையானவை சிலவே. காரணம், அப்டைக் செய்தியாளராகச் செல்லவில்லை; கூட்டத்தில் ஒருவராக அமர்ந்திருந்தார். பக்கத்து இருக்கைக்காரர்களின் பேச்சும் வானத்தின் நிறமும் வில்லியம்ஸின் நடையும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. வில்லியம்ஸின் வாழ்வை மூன்று பருவங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரேக்கக் காவிய வீரனின் பெயரைச் சூட்டுகிறார். திரைப்படம் கெரிக்கை மெருகேற்றியது. அப்டைக் வில்லியம்ஸை மெருகேற்றவில்லை. தலைகுனிந்து ஓடிய மனிதரைத் தலைகுனிந்து ஓடியபடியே காட்டுகிறார். இவ்வகையில் கட்டுரை படத்தைவிட நேர்மையானது.

ஆனால் கட்டுரையின் உச்சியில் அப்டைக் ஒரு விளக்கம் தருகிறார். மனிதர் விடுக்கும் வேண்டுகோளுக்கு விடையளிக்கும் கடமை தெய்வங்களுக்கு இல்லை என்பது அதன் கருத்து. கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. நாற்பத்திரண்டு வயது மனிதர் ஒருவரின் பிடிவாதத்தையும் மனக்காயத்தையும் அது தெய்விகமாக்கிவிடுகிறது. கைத்தட்டி நின்ற பத்தாயிரம் பேரை அது வெறும் பக்தர்களாக்குகிறது. அழைத்தால் மறுமொழி தராதது தெய்வத்தின் இலக்கணம் என்பது ஒலிம்பஸ் மலைத் தெய்வங்களுக்கு வேண்டுமானால் பொருந்தலாம். கேட்டவர்க்குச் செவிசாய்க்கும் இறைவனை அறிந்தவர்கள் அதை ஏற்கத் தயங்குவார்கள்.

அப்டைக்கின் விளக்கத்தை மறுக்க நாம் வெளியே தேட வேண்டியதில்லை. சான்று அக்கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. அன்று ஆட்டத்துக்கு முன் ஒரு சிறு விழா நடந்தது. புற்றுநோயுற்ற சிறாருக்கு உதவும் ‘ஜிம்மி நிதி’க்கு வில்லியம்ஸ் பெயரால் நன்கொடை வழங்கப்பட்டது. அந்நிதிக்காக அவர் பல்லாண்டு உழைத்தவர். படமெடுப்போர் இல்லாத நேரம் பார்த்து நோயுற்ற சிறாரைக் காணச் சென்றவர். திரைப்படம் கெரிக்குக்குக் கற்பித்துக் கொடுத்த மருத்துவமனைக் காட்சியை வில்லியம்ஸ் ஓசையின்றி வாழ்ந்துகொண்டிருந்தார். விழாவில் ஒலிவாங்கியின் முன் வந்தபோது, எழுத்தாளர்களை ஒரு குத்துக் குத்திவிட்டு, தாம் ஆட விரும்பும் ஊர் பாஸ்டன்தான், நாட்டிலேயே சிறந்த இரசிகர்கள் இங்குதான் உள்ளனர் என்றும் சொன்னார். ஆகவே அவர் மறுமொழி தராதவர் அல்லர். சொல்லால் தந்துவிட்டு, தொப்பியால் தர மறுத்தவர். தெய்வம் என்ற உருவகம் இந்த முரண்பாட்டை மூடிவிடுகிறது. அந்த முரண்பாடே அம்மனிதரின் உண்மை.

மூன்றாவது ஏற்புரை

கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் பேஸ்பாலின் புகழ்க்கூடம் உள்ளது. அங்கே பெயர் பொறிக்கப்படுவது ஓர் ஆட்டக்காரர் அடையக்கூடிய மிக உயர்ந்த சிறப்பு. பேஸ்பால் எழுத்தாளர்களின் வாக்குகளே அதை முடிவு செய்கின்றன. 1966 சூலை 25 அன்று வில்லியம்ஸ் அம்மேடையில் ஏறினார். தம் வாழ்நாள் பகைவர்களே தம்மைத் தேர்ந்தெடுத்த மேடை அது.

முதலில் அதையே எடுத்துக்கொண்டார். எழுத்தாளர்களிடமிருந்து 280-க்கும் மேற்பட்ட வாக்குகள் வந்தன. அவர்களுள் எனக்கு அத்தனை நண்பர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும் என்ற பொருள்படப் பேசி, அவர்களுக்கு நன்றி கூறினார். சிறுவயதில் விளையாட்டுத் திடலில் இருட்டும்வரை தமக்குப் பயிற்சியளித்த பொறுப்பாளரை நினைத்தார். பள்ளிப் பயிற்சியாளரை நினைத்தார். தம்மை உருவாக்கிய மேலாளர்களை நினைத்தார். பேஸ்பால் உடையை அணியக் கிடைத்ததற்காகத் தம்மையும் கொடுத்துவைத்தவர் என்றே சொன்னார். கெரிக்கின் குரல் இங்கே மீண்டும் கேட்கிறது.

பின்னர், அண்மையில் வில்லி மேஸ் 522-ஆவது ஹோம் ரன்னை அடித்துத் தம்மை முந்திவிட்டதைக் குறிப்பிட்டு, இன்னும் மேலே செல்லுமாறு அவரை வாழ்த்தினார். மேஸ் கறுப்பினத்தவர். அங்கிருந்து பேச்சு வேறொரு திசையில் திரும்பியது. வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒரே காரணத்தால் இங்கே இடம்பெறாத பெருங்கறுப்பின ஆட்டக்காரர்களின் அடையாளமாக, சாட்செல் பெய்ஜ், ஜாஷ் கிப்சன் ஆகியோரின் பெயர்களும் ஒருநாள் இங்கே சேர்க்கப்பட வேண்டும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்தார்.

இச்சொற்களின் எடையை உணர, ஒரு கொடிய வரலாற்றை அறிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1947 வரை பெரும் அணிகள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவே இல்லை. அவர்கள் தனி அணிகளிலும் தனிக் கூட்டமைப்புகளிலும் ஆடினர். அங்கே ஒளிர்ந்த பந்து எறிபவர் பெய்ஜ். அவர் பெரும் அணி ஒன்றில் ஆடக் கிடைத்தபோது வயது 42. அங்கே ஒளிர்ந்த மட்டையாளர் கிப்சன். அவருக்கு அந்த வாய்ப்பு வரவே இல்லை. 1947 சனவரியில், 35 வயதில் இறந்தார். மூன்று மாதங்களுக்குப் பின் ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் ஆடி அத்தடையை உடைத்தார். வில்லியம்ஸின் சொந்த அணியான பாஸ்டன், 1945-இல் ராபின்சனைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சேர்க்காமல் விட்டது. கறுப்பினத்தவர் ஒருவரைக் களமிறக்கிய கடைசிப் பெரும் அணியும் அதுவே. 1959-இல் அவ்வாறு வந்த பம்ப்சி கிரீன் என்பவரோடு, ஆட்டத்துக்கு முந்தைய பந்துப் பயிற்சிக்குத் துணையாகச் சேர்ந்துகொண்டவர் வில்லியம்ஸ். அவருடைய தாய்வழி மெக்சிகோவைச் சேர்ந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். தம் ஆட்டக் காலத்தில் அவர் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

கெரிக்கின் உரை தமக்குக் கொடுத்தவர்களை மேடைக்கு அழைத்தது. அது நன்றி. வில்லியம்ஸின் உரை ஒரு படி மேலே சென்று, கொடுக்கப்படாதவர்களை மேடைக்கு அழைத்தது. அது நீதி. தம்மைப் புகழ்வதற்கென்றே கூட்டப்பட்ட அவையில் நின்றுகொண்டு, இப்புகழ்க்கூடம் முழுமையற்றது என்று விருந்தினராய் வந்தவரே சொன்னார். நன்றி கூறுதல் எவரையும் நோகடிக்காது. வராதவர்களின் பெயரைச் சொல்வது, வரவழைத்தவர்களை முகம் சுளிக்க வைக்கும். அதனால்தான் இதை நான் முதலிடத்தில் வைக்கிறேன்.

அச்சொற்கள் வீண்போகவில்லை. 1971-இல் பெய்ஜ் தேர்வானார். கறுப்பினத்தவர்க்கெனத் தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கலாம் என்றே முதலில் எண்ணினர். எதிர்ப்பு எழுந்ததால் சம இடமே தரப்பட்டது. 1972-இல் கிப்சனின் பெயரும் பொறிக்கப்பட்டது.

படைப்பை எடைபோடும் முறை

சிறந்த மனிதரைப் பற்றி எழுதுவோர்க்கு இரண்டு சோதனைகள் வருகின்றன. ஒன்று, அவரைச் சுற்றியிருக்கும் சாமானியரை நீக்கிவிட்டு அவரை மட்டும் ஒளியில் நிறுத்துவது. திரைப்படம் இச்சோதனையில் விழுந்தது. மற்றொன்று, அவர் குறையையே பெருமையாக்கி அவரை மனிதர்க்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுவது. அப்டைக்கின் கட்டுரை, அத்தனை நேர்மைக்குப் பின்னும், இச்சோதனையில் சிறிது சறுக்கியது. 1960-இல் எழுதியவர் 1966-ஐ எப்படி அறிவார் என்று கேட்பது நியாயமே. அறிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெய்வம் என்று சொல்லிக் கதவைச் சாத்தாமல், மனிதர் என்று விட்டிருந்தால், அவர் நாளை மாறுவதற்கும் பேசுவதற்கும் இடம் இருந்திருக்கும் என்றே சொல்கிறேன்.

வில்லியம்ஸ் அந்தக் கதவைத் தாமே திறந்தார். 1991 மே 12 அன்று, .406-இன் பொன்விழா ஆண்டில், ஃபென்வே பார்க்கில் அவருக்கு விழா எடுத்தனர். 72 வயது முதியவர் ஒரு தொப்பியை வெளியே எடுத்தார், தலையில் வைத்தார், பின் அதைக் கழற்றி உயர்த்திக் கூட்டத்துக்கு வணக்கம் தெரிவித்தார். முப்பத்தோர் ஆண்டுக் கடன் தீர்ந்தது.

இப்படத்தைக் காணும் வாய்ப்பும் அக்கட்டுரையைப் படிக்கும் வாய்ப்பும் கிடைப்பவர்கள் அவற்றைத் தவறவிட வேண்டாம். இரண்டும் நல்ல படைப்புகளே. ஆனால் படத்தைப் பார்த்தபின் கெரிக் உண்மையில் பேசியதையும் தேடிப் படியுங்கள்; மாமியாரும் புல்தரைப் பணியாளரும் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். கட்டுரையைப் படித்தபின் கூப்பர்ஸ்டவுன் உரையையும் படியுங்கள்.

2024 மே மாதத்தில், பழைய கறுப்பினக் கூட்டமைப்புகளின் கணக்குகள் பேஸ்பாலின் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. வாழ்நாள் விகிதத்தில் .372 பெற்று ஜாஷ் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். ஓர் ஆண்டுக்கான விகிதத்திலும் 1943-இல் அவர் எட்டிய .466 முதலிடம் பெற்றது. வில்லியம்ஸின் .406 அந்தப் பட்டியலில் கீழே இறங்கியது. அவர் 2002-இல் மறைந்துவிட்டதால் இதைக் காணவில்லை. கண்டிருந்தால் வருந்தியிருக்க மாட்டார் என்றே எண்ணத் தோன்றுகிறது. 1966-இல் அவர் விரும்பிக் கேட்டது இதைத்தானே.